மூன்றாம் தடத்தில் ஒரு சந்தோஷம்

"பார்ப்பவனைப் பார்த்தல்: ஆவணப்படக் கலைஞனின் அகவிசாரணை" என்ற தலைப்பில் மதிவாணன் பேசத் தொடங்கி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. தன்னையே விசாரித்துக்கொள்வதில் அவருக்கு இன்னும் அலுப்புத் தட்டவில்லை. மாணவர்களுக்குத் தட்டியிருந்தது. சென்னைத் திரைப்படக் கல்லூரி ஒன்றின் குளிரூட்டிய அரங்கில் பாதிப்பேர் துப்பட்டாவையும் சட்டைக் காலரையும் இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முதலாண்டுப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். "சார், மூணாவது தடம் வர்றதுக்கு முன்னாடி டைரக்டருங்க நேர்மைய எப்படி நிரூபிச்சாங்க?"

"வாயால," என்றார் மதிவாணன். சிரிப்புக்கு இடம் விட்டார். "அவரே கேமரா முன்னாடி வந்து உக்காருவார். கையில ஒரு டீ கிளாஸ், முகத்துல கொஞ்சம் தாடி. 'இந்த மக்களைப் படமெடுக்க நான் யார்?'னு கேப்பார். யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. அடுத்த காட்சிக்குப் போயிடுவார். இன்னிக்கு அது செல்லாது. படம் ஒரு தடம், ஒலி ஒரு தடம். கேமரா ஓடுற நேரம் முழுக்க நம்ம காதுக்குப் பின்னால இருக்குற பட்டை நம்ம மனசு பட்டதை மூணாவது தடமாப் பதிவு பண்ணிடுது. பாக்குறவங்க அதே மாதிரி ஒரு பட்டைய ஒட்டிக்கிட்டா, படமெடுத்தவன் அந்த நொடியில என்ன உணர்ந்தானோ அது அவங்களுக்கும் வரும். அதை வெட்ட முடியாது, ஒட்ட முடியாது. தடம் இல்லாத படத்தை எந்த விழாவும் வாங்காது."

"ஏமாத்தவே முடியாதா சார்?"

"முயற்சி பண்றாங்க. என் நண்பர் ஒருத்தர், பேர் வேண்டாம், ஷூவுக்குள்ள கூழாங்கல்லைப் போட்டுக்கிட்டு ஒரு முழுப் படம் எடுத்தார். கல்குவாரித் தொழிலாளர்களைப் பத்தி. ஜூரி மொத்தமும் கண் கலங்கிட்டாங்க."

இந்த முறை நிஜமாகவே சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஷம்ஷாத் என்ற பெண் எழுந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"சார், உங்க படத்துல அந்தக் காலி வள்ளம் கரைக்கு வர்ற காட்சி. அதுல நீங்க சந்தோஷப்பட்டிருக்கீங்க."

அரங்கு விழித்துக்கொண்டது. அந்தக் காட்சி எல்லோருக்கும் தெரியும். 'ஈரம் குறித்த சில குறிப்புகள்' என்ற படத்துக்காக மதிவாணன் தூத்துக்குடிக்குத் தெற்கே சிலுவைத்துறை என்னும் மீனவ ஊரில் எட்டு மாதம் தங்கினார். அந்தோணிப்பிச்சை என்ற மீனவர் வீட்டில் சாப்பிட்டார். கடைசி மாதத்தில் கடலுக்குப் போன அந்தோணிப்பிச்சை திரும்பவில்லை. மூன்றாம் நாள் அவருடைய வள்ளத்தை மட்டும் வேறொரு படகு கட்டி இழுத்து வந்தது. அவர் மனைவி பிரகாசி கரையிலிருந்து கடலுக்குள் ஓடினாள். மேகம் விலகி அவள் மீதும் வள்ளத்தின் மீதும் மட்டும் வெயில் விழுந்தது. அந்த இடத்தில், பட்டை ஒட்டிய எல்லோருடைய நெஞ்சிலும், பூட்டிய கதவு திறந்தாற்போல ஒரு சந்தோஷம் பொங்கும். தூய்மையான, கலப்படமே இல்லாத சந்தோஷம்.

விழாவுக்கு அனுப்பும்போது மதிவாணன் பயந்துதான் அனுப்பினார். நடுவர் குழுத் தலைவி பேராசிரியர் அனுசூயா மேடையில் ஏறி, "படைப்பாளி தன் குற்றப் பரவசத்தை நிர்வாணமாக முன்வைக்கும் அறத்துணிவு" என்று அறிவித்த பிறகு பயம் போய்விட்டது. பரிசு வந்தது. ஆறு மாதத்தில் அந்தச் சந்தோஷத்தைத் தானே திட்டமிட்டு உணர்ந்ததாக அவருக்கு ஒரு நினைவுகூட உண்டாகிவிட்டது.

"ஆமாம்," என்றார் மதிவாணன், குரலைத் தாழ்த்தி. "எட்டு மாசமாக் காத்திருந்த காட்சி அது. என் கண் சந்தோஷப்பட்டது. அதை நான் மறைக்கல. அதுதான் அந்தப் படம்."

"அந்த அம்மா அதைப் பாத்தாங்களா சார்?"

"கண்டிப்பா. எடுத்த படத்தை எடுத்த மக்களுக்கே திரும்பக் காட்டணும்கிறது இந்தத் துறையோட நெறி. முன்னெல்லாம் கிராமத்துல காட்டும்போது பட்டை தர மாட்டாங்க. விழாக்குழு இந்தத் தடவை பட்டைகளையும் அனுப்பி வச்சது. போன ஞாயித்துக்கிழமை கோயில் மைதானத்துல காட்டினாங்க. எனக்கு இங்க வேலை இருந்ததால போக முடியல. ஆனா அவங்களும் அதே மனநிலைய..."

மேசை மேல் கிடந்த அவருடைய செல்போன் அதிர்ந்தது. சிலுவைத்துறைப் பங்குத்தந்தை ஜெரால்டு. மதிவாணன் மாணவர்களைப் பார்த்து, "பாத்தீங்களா, ஊரே கூப்பிடுது," என்றபடி எடுத்தார்.

"சார், நீங்க ஒடனே கெளம்பி வரணும்," என்றார் ஃபாதர். "உங்க படத்தப் பாத்துட்டு பிரகாசி, அவ புருசன் உசுரோட இருக்காருன்னு சொல்லுதா."

*

ஃபாதர் ஜெரால்டு குண்டான மனிதர். மறுநாள் மதியம் பங்கு இல்லத்து வாசலில் மதிவாணனுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, நேராக விஷயத்துக்கு வந்தார்.

"உடம்பு கெடைக்கலன்னா இங்க ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கே தெரியும். வருசம் திரும்புன பெறவு அவரு உடுப்பப் பெட்டியில வச்சு, பூசை வச்சு, கல்லறைத் தோட்டத்துல அடக்கம் பண்ணுவாங்க. அதோட அந்த வீட்டுல அழுது முடிச்ச மாதிரி. பிரகாசி ரொம்ப நாளா ஒத்துக்கிடல. இந்த மாசந்தான் சரின்னா. சனிக்கிழம அடக்கம். அந்தோணிப்பிச்சையோட சட்டைய அவளே தொவச்சு மடிச்சுக் கொண்டாந்து குடுத்தா. ஞாயித்துக்கிழம படம் பாத்தா. திங்கக்கிழம காலம்பற வந்து சட்டையத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டா."

"அதுக்கும் படத்துக்கும் என்ன ஃபாதர்?"

"காலி வள்ளம் வருதப்ப உங்க மனசு சந்தோசப்பட்டுச்சு. உண்டா?"

"அது வந்து... ஒரு படைப்பாளியோட பார்வையில..."

"அவ பார்வையில கேளுங்க. நீங்க எட்டு மாசம் அவ வீட்டுல சோறு தின்னீங்க. அந்தோணிப்பிச்சை உங்கள மச்சான்னு கூப்பிட்டான். அவ அண்ணேன்னு கூப்பிட்டா. படத்துக் கடைசியில 'என் தங்கை பிரகாசிக்கு'ன்னு எழுத்துப் போட்டிருக்கீங்க. அப்பேர்ப்பட்ட மனுசன் காலி வள்ளத்தப் பாத்துச் சந்தோசப்படுதான்னா, அவனுக்கு வேற ஏதோ நல்ல சேதி தெரிஞ்சிருக்கணும். அன்னைக்குக் காலையில நீங்க டவுனுக்குப் போயிட்டு வந்தீங்களாமே? அங்க ஏதோ ஆபீசுல உங்ககிட்ட சொல்லியிருக்காங்க, அந்தோணிப்பிச்சைய எவனோ பிடிச்சு மாலத்தீவுப் பக்கம் வச்சிருக்கான், வெளிய சொல்லாதன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க. இதான் அவ கணக்கு."

"நான் பேட்டரி வாங்கப் போனேன் ஃபாதர்."

"அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

மதிவாணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரி. நான் பேசிப் புரியவைக்கிறேன். சனிக்கிழமைக்குள்ள..."

"சனிக்கிழம கெடக்கட்டும். கஸ்பார் இன்னைக்குச் சாயந்திரம் வள்ளம் எறக்குதான். அண்ணனத் தேடி."

கஸ்பார் அந்தோணிப்பிச்சையின் தம்பி. மதிவாணன் வாசலிலிருந்தே வெளியே பார்த்தார். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று கோயில் கொடிமரத்துக் கயிற்றைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஊர் வள்ளம் ஒன்றுகூடக் கடலில் இல்லை. எல்லாம் மேட்டில் ஏற்றிக் கட்டப்பட்டிருந்தன.

"இந்தக் காத்துலயா?"

"இந்தக் காத்துலதான். ரெண்டு நாள்ல இவனும் காலி வள்ளமா வருவான். வள்ளம் வந்தா அதிர்ஷ்டம். நீங்க வந்து படம் எடுப்பீங்க."

 ரயிலில் வரும்போதே ஒரு வாக்குமூலத்தை மதிவாணன் தயார் செய்து வைத்திருந்தார். இப்போது அதை மெல்லச் சொல்லிப் பார்த்தார். "பிரகாசி, ஒரு கலைஞனின் கண்ணுக்கும் அவன் மனிதத்துக்கும் நடுவில் ஒரு பிளவு இருக்கிறது. அந்தப் பிளவில்..."

"சார்," என்றார் ஃபாதர், "இத அவகிட்டத் தமிழ்ல சொல்ல முடியுமா?"

மதிவாணனுக்குச் சுருக்கென்றது. "நீங்களும் பட்டை மாட்டிப் பாத்தீங்கதானே? நீங்க ஏன் அவ மாதிரி நினைக்கல?"

"நான் பாவசங்கீர்த்தனத்துல ஊரு பாவத்தக் கேக்குதவன். மனுசன் எதுக்கெல்லாம் சந்தோசப்படுவான்னு எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது."

*

மதிவாணனும் ஃபாதரும் கரைக்குப் போனபோது கஸ்பார் எஞ்சினுக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும். மதிவாணனைப் பார்த்ததும் கேனைக் கீழே வைத்தான்.

"வாங்க சார். மதினி சொன்னாக, நீங்க வருவீகன்னு. எந்தப் பக்கம்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லிருங்க. மினிக்காய் தீவுப் பக்கமா, இன்னும் கீழயா?"

"கஸ்பார், எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ போகக் கூடாது."

"ஆபீசுக்காரங்களுக்குப் பயந்து சொல்லுதீகளா?"

"யாருக்கும் பயந்து இல்ல. உங்க அண்ணன் உயிரோட இருக்கார்னு எனக்கு யாரும் சொல்லல. அந்தச் சந்தோஷம்..." மதிவாணன் தடுமாறினார். ஆயிரம் பேர் முன்னால் மேடையில் சொன்ன விஷயம் இது. கைதட்டல் வாங்கிய விஷயம். "அந்தச் சந்தோஷம் படத்துக்காக. வெயில் நல்லா விழுந்தது. காட்சி நல்லா அமைஞ்சது. அதுக்காக."

கஸ்பார் அவரை மேலும் கீழும் பார்த்தான். பிறகு சிரித்தான். "நானும் பட்டைய மாட்டிப் பாத்தேன் சார். எங்க ஆளுக பூரா மாட்டிப் பாத்தோம். எங்க அண்ணன் பெறந்த அன்னைக்கு எங்கம்மைக்கு அப்படி இருந்திருக்கும், அப்பேர்ப்பட்ட சந்தோசம். வெயிலுக்கு வருமா அது? எந்தக் கூறுகெட்டவனுக்கு வரும்?"

"எனக்கு வந்தது."

"வெளையாடாதீக சார்."

பிரகாசி வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு தண்ணீர்க் குடம், கையில் துணியில் முடிந்த சோறு. ஒரு வருடத்தில் பத்து வருடம் மூத்திருந்தாள். ஆனால் முகம் தெளிவாக இருந்தது. கல்யாண வீட்டு வேலையில் ஓடுகிறவளின் முகம். கழுத்தில் தாலிக்கயிறு புது மஞ்சளில் இருந்தது.

"அண்ணே! எப்ப வந்தீக? சாப்பிட்டீகளா?"

"பிரகாசி, இந்த வள்ளத்த நிறுத்தச் சொல்லு."

"ஏன்? அவுகள அங்கருந்து வேற எடத்துக்குக் கொண்டு போயிட்டாகளா?"

மதிவாணன் மணலில் உட்கார்ந்தார்.  இந்த முறை அலங்காரம் ஏதுமில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். டவுனுக்குப் போனது பேட்டரி வாங்க. ஆபீஸ் எதற்கும் போகவில்லை. வள்ளம் வந்தபோது அவர் நினைத்தது அந்தோணிப்பிச்சையைப் பற்றி அல்ல; அவளைப் பற்றியும் அல்ல. நல்ல காட்சி கிடைத்துவிட்டது என்று நினைத்தார். பரிசு வரும் என்றுகூட அந்த நொடியிலேயே தோன்றியது. அவள் கடலுக்குள் ஓடி விழுந்தபோது, எழுந்துவிடக் கூடாதே, இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கிடக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டார்.

சொல்லி முடித்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார். அந்த அழுகை உண்மையானது. ஃபாதர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிரகாசி குடத்தை இறக்கி வைத்தாள்.

"சும்மா இருங்கண்ணே," என்றாள், குழந்தையைத் தேற்றுவது போல. "இம்புட்டுக் கேவலமா ஒங்களப் பத்தி நீங்களே சொல்லணுமா? அந்த ஆபீசுக்காரனுக எப்படி மெரட்டியிருக்கணும் ஒங்கள. மனுசன் அப்படி இருக்க மாட்டான். நாய்கூட இருக்காது."

"நான் இருந்தேன் பிரகாசி."

"ஒரு தடவ எனக்குக் காச்சல் வந்துச்சு. நீங்க கேமராவப் போட்டுட்டு மருந்து வாங்க ஓடுனீக. மறந்து போச்சா?"

மறந்து போகவில்லை. அன்று கேமராவில் பேட்டரி தீர்ந்திருந்தது. 

"வாய் என்ன வேணா சொல்லும்ணே," என்றாள் பிரகாசி. "நீங்கதான அன்னைக்கு எங்க வீட்டுல உக்காந்து சொன்னீக, வாய் பொய் சொல்லும், பட்ட பொய் சொல்லாதுன்னு. பட்டைய மாட்டுங்க. நானும் மாட்டுதேன். இப்பச் சொன்னத மறுபடி சொல்லுங்க. அவுக செத்துட்டாகன்னா, ஒங்க நெஞ்சுல அது இருக்கும்ல? எனக்கும் தெரிஞ்சிரும். தெரிஞ்சிருச்சுன்னா நானே வள்ளத்த ஏத்திக் கட்டச் சொல்லுதேன். சனிக்கிழம அடக்கத்தையும் வச்சிருவோம்."

ஃபாதர் சட்டென்று திரும்பினார். "இது நல்ல வழி சார்." கோயில் அறையில் இன்னும் விழாக்குழுவின் பட்டைப் பெட்டி இருந்தது. அவரே மூச்சு வாங்க ஓடிப்போய் எடுத்து வந்தார்.

மதிவாணனுக்கும் நம்பிக்கை வந்தது. இவ்வளவு வெட்கத்தையும் துக்கத்தையும் அவர் வாழ்நாளில் உணர்ந்ததில்லை. பொய் கலக்க வழியே இல்லை. பட்டை போதும், அவள் நெஞ்சு அறிந்துவிடும். ஒரே ஒரு சிக்கல்தான். கேமரா ஓடினால்தான் பட்டை ஓடும். படமெடுக்கும் கண்ணையும் நெஞ்சையும் பிரிக்க முடியாதபடிதான் அதைச் செய்திருந்தார்கள்; அதற்கும் ஒரு விழாவில் பரிசு கொடுத்திருந்தார்கள். அவர் பையிலிருந்து கேமராவை எடுத்தார். பதிவாவது அப்போதே அவள் பட்டைக்குப் போகும்படி நேரடி நிலையில் வைத்தார். தானும் ஒரு பட்டையை ஒட்டிக்கொண்டு, அவளைப் பார்த்து உட்கார்ந்து, கேமராவில் கண்ணை வைத்தார்.

பிரகாசி வள்ளத்தின் மீது சாய்ந்து நின்றாள். காதுக்குப் பின்னால் பட்டையை அழுத்திக்கொண்டாள்.

"அந்தோணிப்பிச்சை செத்துட்டார் பிரகாசி," என்றார் மதிவாணன்.

முதலில் அவளுக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். முகம் சுருங்கியது. பிறகு பயம். அப்புறம் அந்தக் கனம், மதிவாணன் முந்தின இரவு முழுக்க ரயிலில் சுமந்து வந்தது.  "அண்ணே," என்றாள், மிகச் சின்னக் குரலில். "இது... இது நெசமா?"

"நெசம். எனக்கு எதுவும் தெரியாது. அவர் இல்ல."

அவள் நம்பினாள். அது தெளிவாகத் தெரிந்தது. ஒரு வருடமாக இழுத்துப் பிடித்திருந்த ஏதோ ஒன்று அவள் முகத்திலிருந்து ஒவ்வொரு இழையாக அறுந்து விழுந்தது. கை தானாகத் தாலிக்கயிற்றுக்குப் போய் அதை இறுகப் பற்றிக்கொண்டது. பின்னால் கஸ்பார் கையில் பிடித்த கயிறோடு அசையாமல் நின்றான். அவன் தோளுக்கு மேலே கச்சான் காற்றில் அலைகள் வெள்ளையாக எழுந்து நின்றன. மேற்கேயிருந்து வந்த வெயில் அவள் முகத்தின் ஒரு பாதியில் மட்டும் விழுந்தது. வாய் திறந்தது, சத்தம் இன்னும் வரவில்லை. சத்தம் வருவதற்கு முந்தைய அந்த அரை மூச்சு. எந்த ஆவணப்படத்திலும் யாரும் பிடிக்காத ஒன்று. கேமராவின் சட்டத்துக்குள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.

அந்தப் பழைய சந்தோஷம் எழும்போதே மதிவாணனுக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்றார் உள்ளுக்குள். தன் அப்பாவின் சாவை நினைத்தார். பல்லைக் கடித்தார். இருபத்தைந்து வருடமாகப் பழக்கிய நெஞ்சு, சீட்டியடித்ததும் ஓடிவரும் நாயைப் போல வாலையாட்டிக்கொண்டு ஓடி வந்தது.

பிரகாசியின் வாய் மூடியது. கண்கள் அகன்றன. கன்னத்தில் நீர் வழிய வழிய, அவள் முகத்தில் சிரிப்பு மலர்ந்தது.

"தம்பி!" என்று கத்தினாள். "தம்பி, அதே சந்தோசம்! அதேதான்! அவுக இருக்காக!"

"இல்ல! பிரகாசி, அது அது இல்ல! நீ நின்ன நிலைக்காக, அந்த வெயிலுக்காக..."

"பேசாதீகண்ணே, ஒங்களுக்கு ஆபத்து. எனக்குப் புரிஞ்சு போச்சு. எறக்கு தம்பி!"

கஸ்பார் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு வள்ளத்தைத் தள்ளினான். ஃபாதர் ஜெரால்டு, "டேய், நில்லுடா! சொன்னாக் கேளு!" என்று கத்திக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி வள்ளத்தின் பின்புறத்தைப் பிடித்தார். அலை வந்து அவரைப் புரட்டிப் போட்டது. நனைந்த வெள்ளை அங்கி நுரையில் விரிந்தது. எஞ்சின் இருமி, பிடித்துக்கொண்டது.

கேமராவை இறக்க வேண்டும் என்று மதிவாணனுக்குத் தெரியும். அங்கி, நுரை, அதற்கு அப்பால் சிறுத்துக்கொண்டே போகும் வள்ளம், இந்தப் பக்கம் கையசைக்கும் பெண். இன்னும் ஒரு கணம், இது மட்டும், என்று நினைத்தார்.

பிரகாசி பட்டையைக் கழற்றவில்லை. வள்ளம் முதல் பெரிய அலையில் ஏறி, வானத்தை ஒட்டி ஒரு நொடி நின்றது.

"இப்பவும் இருக்குண்ணே," என்றாள், திரும்பிப் பாராமல், கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு. "முன்னையவிடக் கூட."